அண்ணன்தான் எழுதித் தருகிறாராம்

இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜொகூரில், உலு திராம் தேவாலயத்தில் பூசை முடிந்து, கோயில் கேன்டீனில் ஒரு கையில் காப்பி, ஒரு கையில் கறிபாப் பலகாரம் என்று நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பாடற்குழுவை நடத்தும் ஆரோக்கியம் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். முகத்தில், பெரிய ரகசியம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட சிரிப்பு.

“அப்ப அந்தப் பாட்டு வரியெல்லாம் உங்க வேலைதானா? நான் அப்பவே நினைச்சேன்லா. பொம்பளப் பிள்ள எழுதுற மாதிரியா இருக்கு?”

என் தங்கை பாடுகிற ராப் பாட்டுகளைத்தான் சொல்கிறார். அவற்றை எழுதித் தருவது நான்தான் என்று இரண்டு நாளாக ஊரில் ஒரு பேச்சு. அது அவர் காதுக்கும் போயிருக்கிறது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? “இல்லண்ணே, ஒரு வரிகூட நான் எழுதல” என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை.

நான் சிரித்தேன். கறிபாப்பைப் பார்த்தபடி, “ஏதோ…” என்றேன்.

தமிழில் “ஏதோ…” என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சமையல் பிரமாதம் என்றால் சமைத்தவர் “ஏதோ…” என்பார். வீடு அழகாயிருக்கிறது என்றால் கட்டியவர் “ஏதோ…” என்பார். சமைக்காதவன் சொல்லக்கூடாத வார்த்தை அது.

ஆனால் நான் சொன்னேன். ஏன் சொன்னேன்?

அதற்கு முதலில் பிலோமினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பிலோமினா என் ஒரே தங்கை. வயது முப்பத்தைந்து. என்னைவிட ஒன்பது வயது இளையவள். காஹாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடை கிளார்க். தோட்டத்திலிருந்து பழம் ஏற்றி வருகிற லோரி முதலில் அவள் ஜன்னலுக்கு முன்னால்தான் வந்து நிற்கும். பாரத்தோடு ஒரு எடை. உள்ளே போய்ப் பழத்தைக் கொட்டிவிட்டு, வெறும் லோரியாகத் திரும்பும்போது இன்னொரு எடை. முதலாவதில் இரண்டாவதைக் கழித்தால் பழத்தின் எடை. பன்னிரண்டு வருஷமாக இதுதான் வேலை.

பழத்துக்கு அடியில் மண்ணை வைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஏறும்போது லோரியில் இரண்டு ஆட்களை உட்கார வைத்து, திரும்பும்போது இறக்கிவிட்டு வருகிறவர்களும் உண்டு. இவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி இரண்டு வார்த்தை பேசுவாள். டிரைவர் பேசாமல் லோரியைப் பின்னால் எடுப்பார். அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யாரும் இல்லை என்று ஆலையிலேயே பேச்சு.

அந்த வாய்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் ராப் பாட ஆரம்பித்தது. ராப் பெயரில் பிலோமினா, ஃப்ளோமினா ஆனாள். குவார்ட்டர்ஸ் வீட்டில், துணி அலமாரிக்குள் கம்பளியைத் தொங்கவிட்டு மைக் வைத்துப் பாடுவாள். அவள் புருஷன் மைக்கேல், ஆலையில் பாய்லர் பார்ப்பவர், பாட்டு முடியும்வரை வீட்டுக் காற்றாடி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய காதல் எனக்குத் தெரியாது.

ஜொகூர் முழுக்க இப்போது அவளுக்கு ரசிகர்கள். குளுவாங்கில் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் பக்கத்து மேசையில் செல்ஃபி கேட்கிறார்கள். என்னிடம் யாரும் கேட்டதில்லை. இருபது வருஷமாக இந்தப் பத்தியை எழுதுகிறேன்… போகட்டும்.

எதிர் அணிக்கு வருவோம். பெயர் தினேஷ். யோங் பெங்கில் முடி திருத்தும் கடை வைத்திருக்கிறான். கடைப் பெயரும் ‘கத்திரி’, ராப் பெயரும் ‘கத்திரி’. கெட்டிக்காரன். குரல் கனம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டுகூடப் பாடியிருக்கிறார்கள்.

சண்டையை ஆரம்பித்தது யார்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கைதான். ஓர் இணைய வானொலிப் பேட்டியில், கத்திரியின் புதுப் பாட்டு எப்படி என்று கேட்டார்கள். இவள் சொன்னாள், “மூணு நிமிஷப் பாட்டு. அதுல ரெண்டரை நிமிஷம் அவன் பேரையே சொல்லிக்கிட்டு இருக்கான். மிச்சம் அரை நிமிஷம் நல்லா இருக்கு.”

அடுத்த வாரமே கத்திரியிடமிருந்து ‘டிஸ் டிராக்’ வந்துவிட்டது. இது என்னவென்று கேட்கும் வாசகர்களுக்காக: ஒரு ராப் பாடகர் இன்னொருவரைப் பெயர் சொல்லி வாரு வாரு என்று வாரி, அதையே பாட்டாக வெளியிடுவது. நம் புலவர்களும் வசை பாடியவர்கள்தானே? இவர்கள் அதற்கு டிரம்ஸ் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பாட்டில் இப்படி நாலு வரி.

“மைக்கு உன் கையில, பேனா யார் கையில?
பத்தி எழுதுற அண்ணன், உன் பாட்டும் அவர் பையில!
அண்ணன் நூல இழுக்க, தங்கச்சி கை ஆட்டும்,
பொம்ம பாடுற பாட்டுக்கு ஊரே தல ஆட்டும்!”

காரில் உட்கார்ந்து முதல் தடவை கேட்டபோது எனக்கு வந்தது கோபம் இல்லை. இதை எழுதக் கை கூசுகிறது. கொஞ்சம் குளிர்ந்துபோனேன். என்னைப் பற்றி ஒரு பாட்டு. அதுவும் ஊரே கேட்கிற பாட்டு. என் தமிழ் அவ்வளவு பெரிய தமிழ் என்று எதிரியே ஒப்புக்கொள்கிறான்…

இதுதான் அந்த “ஏதோ…” வந்த வழி.

ஆரோக்கியம் அண்ணன் அதை வீட்டுக்கு எடுத்துப்போனார். வீட்டிலிருந்து வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. செவ்வாய்க்கிழமைக்குள் கத்திரியின் பாட்டுக்குக் கீழே யாரோ எழுதிவிட்டார்கள், “அண்ணனே ஒத்துக்கிட்டாரு.” புதன்கிழமை கத்திரி கடையில் நின்றபடி ஒரு வீடியோ போட்டான். “நான் சொல்லல லா… அவங்க அண்ணனே சொல்லிட்டாரு.”

அன்று மத்தியானம் பிலோமினா கூப்பிட்டாள். பின்னால் லோரி ஹாரன் கேட்டது.

“அண்ணே, கோயில்ல யார்கிட்டயாவது எதாவது சொன்னீங்களா?”

“நான் ஒண்ணும் சொல்லலம்மா.”

“ஒண்ணும் சொல்லலையா? இல்ல… ‘இல்ல’ன்னு சொல்லலையா?”

பன்னிரண்டு வருஷமாக லோரிக்கடியில் மண்ணைத் தேடுகிறவள். என்னைப் பிடிக்க எவ்வளவு நேரமாகும்?

நடந்ததைச் சொன்னேன். அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. “சரிண்ணே, லோரி நிக்குது” என்று வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று நினைக்கலாம். எனக்கும் முதலில் தெரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை தெரிந்தது.

ஜொகூர் பாருவில் ஓர் இளைஞர் கலைவிழா. அதற்கு முகப்புப் பாட்டு எழுதிப் பாட பிலோமினாவைக் கேட்டிருந்தார்கள். ஆறு வருஷத்தில் அவளுக்கு வந்த பெரிய மேடை அதுதான். ஏற்பாட்டாளர் என்னைக் கூப்பிட்டார். அவளை இல்லை, என்னை.

“சார், வரிகள நீங்களே நேரா எனக்கு அனுப்பிடுங்க. அவங்க வந்து பாடட்டும். நமக்கு வேலை சுலபம்.”

இந்தத் தடவை நான் தெளிவாகச் சொன்னேன். “ஐயா, நான் அவளுக்கு ஒரு வரிகூட எழுதினதில்ல. எல்லாம் அவளே எழுதுறது.”

அவர் சிரித்தார். “உங்களுக்கு ரொம்ப அடக்கம் சார்.”

மறுபடியும் சொன்னேன். சத்தியம் பண்ணாத குறை. “புரியுது சார், புரியுது. தங்கச்சி பேரு கெடக்கூடாது, அதானே? நான் வெளிய சொல்ல மாட்டேன்” என்றார்.

யோசித்துப் பாருங்கள். நான் சிரித்தால் அது ஒப்புதல். நான் மறுத்தால் அது அடக்கம். இரண்டு பக்கமும் பாராட்டு எனக்கே வந்து சேர்கிறது. அவள் ஆறு வருஷம் அலமாரிக்குள் நின்று சேர்த்ததை நான் ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டேன். கடைசியில், என்னிடமிருந்து வரி வராது என்று தெரிந்ததும், ஏற்பாட்டாளர் அவளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினார். “பாட்டு விஷயம் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்.”

சனிக்கிழமை காலையில் காஹாங்குக்குக் கார் எடுத்தேன்.

குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்து பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் போனதும் ஒரு நாற்காலியைக் காலால் தள்ளினாள். அது என்னை உட்காரச் சொன்னதா, தள்ளி இருக்கச் சொன்னதா என்று தெரியவில்லை. உட்கார்ந்தேன்.

“அடுத்த வாரம் பத்தியில எழுதிடறேன்,” என்றேன். “எல்லா வரியும் உன்னோடதுன்னு, பச்சையா எழுதிடறேன்.”

“வேணாம்.”

“ஏம்மா?”

“நீங்க எழுதினா, பாரு, தங்கச்சிக்காக அண்ணன் இன்னொண்ணும் எழுதிக் குடுத்திருக்காருன்னு சொல்வாங்க. எனக்குப் பேச நீங்க வேணும்னு ஆயிடும்ண்ணே.”

என் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் இந்தப் பத்தி. அதையும் அவள் எடுத்துக் கீழே வைத்துவிட்டாள்.

மனசு கேட்கவில்லை. வழியெல்லாம் எனக்குள் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது. கத்திரியின் தொழிலை வைத்து ஒரு கிண்டல். முடி, சவரம், அப்படி. நான் அதைச் சொன்னேன். சந்தம்கூட நன்றாகத்தான் விழுந்திருந்தது.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அவன் தொழில இழுக்க மாட்டேன். அவன் கத்திரிய வெச்சுப் பொழைக்கிறான், நான் எடைமேடைய வெச்சுப் பொழைக்கிறேன். அவன் பாட்டு எப்படின்னு கேட்டா ஆயிரம் சொல்வேன். அவன் வேலையப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன்.” பிறகு மறுபடி கத்தியை எடுத்தாள். “பாத்தீங்களா? இதுக்குத்தான் நீங்க எனக்கு எழுதித் தர முடியாது.”

நாற்பத்து நாலு வயதில், பயிற்றங்காய்க்கு முன்னால், எனக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனால் அந்தச் சுருக்கத்துக்குள்ளேயே ஒரு பெருமையும் எட்டிப்பார்த்தது. யார் பெற்ற பிள்ளை இது… ஓ, எங்கள் அம்மா அப்பா பெற்றதுதான்.

“அப்ப என்னதான் பண்ணப்போற?” என்று கேட்டேன்.

“யோங் பெங் போறேன்.”

கத்திரி அவன் கடைக்கு மேல்மாடி ஹாலில் மாசத்துக்கு ஒரு ஞாயிறு மத்தியானம் ஒரு திறந்த மேடை நடத்துகிறான். யாரும் வரலாம். கூட்டம் வார்த்தை கொடுக்கும், மேடையில் நிற்பவர் அந்த வார்த்தையை வைத்து நின்ற இடத்தில் பாட வேண்டும். தாளும் கிடையாது, போனும் கிடையாது.

“நான் வரட்டுமா?”

“வேணாம். நீங்க வந்தா காதுல சொல்லிக் குடுத்தீங்கன்னு சொல்வாங்க.” இரண்டு பயிற்றங்காய் நறுக்கினாள். யோசனை மாறியது. “இல்ல, வாங்க. வந்து எல்லாரும் பாக்குற மாதிரி முன்னால உக்காருங்க. வாயத் தொறக்கக்கூடாது.”

“சரி.”

“தலை ஆட்டக்கூடாது. உதட்ட அசைக்கக்கூடாது.”

“இருமல் வந்தா?”

“முழுங்கிக்கோங்க.”

அந்த ஞாயிறும் வந்தது. டோலைத் தாண்டி, கடை வரிசையில் கார் வைக்க இடமில்லாமல் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு வழியாக மாடி ஏறினேன். நூறு பேர் உட்காரும் ஹாலில் அதற்கு மேலேயே இருந்தார்கள். பத்து பாஹாட்டிலிருந்தும் ஜொகூர் பாருவிலிருந்தும் வந்திருந்தார்கள். ஏர்கண்டிஷன் ஓடிக்கொண்டுதான் இருந்தது, குளிரத்தான் இல்லை. பிலோமினாவும் மைக்கேலும் ஒரு மூலையில் நின்றார்கள். அவள் ஆலையின் நீலச் சட்டையிலேயே வந்திருந்தாள்.

கத்திரி வாசலுக்கே வந்தான். டிஸ் பாட்டில் எங்களை வாங்கு வாங்கென்று வாங்கியவன். “வாங்கண்ணே, வாங்க,” என்று இரண்டு கையாலும் கை கொடுத்தான். “உங்க பத்திய அம்மா வாராவாரம் படிப்பாங்க. என்ன குடிக்கிறீங்க? தே ஓ ஐஸ் சொல்லவா?”

வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு. கையை அசைத்து வேண்டாம் என்றேன். போனை அணைத்து அவன் கையில் கொடுத்தேன். அவன் புரிந்துகொண்டான். வாங்கி மேடை ஓரத்தில் எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்தான். முன் வரிசை நடு நாற்காலியில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம், பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்த குழந்தை மாதிரி, உதட்டை இறுக்கிக்கொண்டு.

மற்றவர்கள் பாடி முடித்ததும் அவள் ஏறினாள். கத்திரி மைக்கில் கேட்டான், “மூணு வார்த்தை. ரெண்டு நீங்க குடுங்க, ஒண்ணு நான் குடுக்கிறேன்.”

பின்னாலிருந்து ஒரு பெண், “சீப்பு” என்றாள். கடைக்கு மேலே நடக்கிற விழா அல்லவா? சிரிப்பு. ஜன்னல் பக்கத்திலிருந்து ஒருவர், “டோல்” என்றார். பாவம், வரும்போது மாட்டிக்கொண்டிருப்பார்.

அடுத்தது கத்திரியின் முறை. என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்துச் சொன்னான், “அண்ணன்.”

அவள் என்னைத் திட்டினால்? திட்டலாம். அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. நான் எழுந்து போகக்கூட முடியாது, நடு நாற்காலி.

பீட் ஓட ஆரம்பித்தது. அவள் கண்ணை மூடினாள். நாலு தட்டு போகவிட்டாள். பிறகு…

“சீப்பு எடுத்து வந்தேன், சிக்கெடுக்க வந்தேன்,
ஊர் பேசுன பேச்சுல விழுந்த முடிச்செடுக்க வந்தேன்.
டோல் தாண்டி வந்தேன், தட்டுனது என் கார்டு,
நான் பாடுற பாட்டுக்கு எதுக்கு இன்னொருத்தர் போர்டு?”

பின் வரிசை எழுந்துவிட்டது. அவள் நிற்கவில்லை. குரலை இறக்கினாள். மேடை விளிம்புக்கு வந்து என் முகத்துக்கு நேரே நின்றாள்.

“அண்ணன்னு கேட்டீங்க, அந்தா உக்காந்திருக்கார்,
வாயத் தொறக்காம என்னையே பாத்திருக்கார்.
‘நனைஞ்ச குலைக்குக் கனம் கூடும்’ — பத்தியில படிச்சியா?
எடைமேடையில நான் சொன்னது, அதக் கண்டுபிடிச்சியா?
எங்கண்ணன் எனக்கு எழுதித் தரல, நல்லாக் கேட்டுக்க,
நான் சொல்லித்தான் அவர் எழுதுனாரு, அவரையே கேட்டுக்க!”

நூறு தலையும் என் பக்கம் திரும்பியது.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். போன வருஷம் மழையைப் பற்றி எழுதியிருந்தேன். ‘நனைந்த குலைக்குக் கனம் கூடுகிறது, நனைந்த மனிதனுக்குக் கனம் குறைகிறது’ என்று ஒரு வரி. அந்த வரிக்காக எத்தனை பேர் எழுதினீர்கள். ஒருவர் அதைத் தன் மகள் திருமணப் பேச்சில்கூடச் சொன்னாராம்.

அது என் வரி இல்லை. கொட்டுகிற மழையில், லோரியை விட்டிறங்கி எடைச் சீட்டுக்காக நின்ற ஒரு வயதான டிரைவரைப் பார்த்து, பிலோமினா போனில் என்னிடம் சொன்னது. நான் பேச்சு வழக்கைக் கொஞ்சம் மாற்றினேன். அவ்வளவுதான் என் பங்கு. அந்த வாரப் பத்தியைப் படித்துவிட்டு அவள், “நல்லா இருந்துச்சுண்ணே” என்று மட்டும் சொன்னாள்.

அவளுக்கு நான் எழுதித் தருகிறேனா என்று ஊரே கேட்டது. ஆரோக்கியம் அண்ணன் கேட்டார், ஏற்பாட்டாளர் கேட்காமலேயே முடிவு செய்தார். எனக்கு அவள் எழுதித் தருகிறாளா என்று இருபது வருஷத்தில் ஒருவராவது கேட்டதுண்டா? கேட்டிருந்தால், சரியான பதில் “சில சமயம்” என்பது.

ஹாலுக்கு வருகிறேன். கத்திரி பீட்டை நிறுத்திவிட்டு மைக்கை என் முன்னால் நீட்டினான்.

“அண்ணே?”

நான் பிலோமினாவைப் பார்த்தேன். பேசலாமா என்று. அவள் லேசாகத் தலையசைத்தாள்.

எழுந்து நின்றேன். “ஆமா,” என்றேன். “அந்த வரி அவளோடது. அது மட்டும் இல்ல, இன்னும் இருக்கு. அவ பாட்டுல என்னோடது ஒண்ணுகூட இல்ல. கோயில்ல என்கிட்ட கேட்டப்ப நான் இல்லன்னு சொல்லல. சொல்லியிருக்கணும். எனக்கு அது புடிச்சிருந்துச்சு, அதான் சொல்லல.”

யாரும் சிரிக்கவில்லை. பிறகு யாரோ கை தட்டினார்கள். எனக்கா, அவளுக்கா என்று நான் இந்த முறை சந்தேகப்படவில்லை. உட்கார்ந்தேன்.

“இன்னும் முடியல,” என்றாள் பிலோமினா. பீட் மறுபடி ஓடியது. இப்போது அவள் கத்திரியின் பக்கம் திரும்பியிருந்தாள்.

“ஏத்தி வந்தா ஒரு கனம், எறக்கி வந்தா ஒரு கனம்,
லோரியக் கழிச்சுப் பாரு, மிச்சம்தான் உன் பழம்.
அண்ணனக் கழிச்சுப் பாத்தேன், அப்பவும் நான் நிக்கிறேன்,
உன் பேரக் கழிச்சா உன் பாட்டுல என்னன்னு கேக்கிறேன்!”

அதற்குப் பிறகு மாடியில் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நாற்காலிகள் விழுந்தன. மைக்கேல் — பாய்லர் முன்னால் நின்று நின்று எதற்கும் அசையாத மனிதர் — சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் தொண்டையில் அரை மணி நேரமாக முழுங்கிவைத்த இருமல் அத்தனையும் ஒன்றாக வந்தது. அது இருமல்தான் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னேன்.

கத்திரி? தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். தோற்ற சிரிப்பு இல்லை அது. நல்ல சாப்பாடு சாப்பிட்டவன் சிரிப்பு. மைக்கை எடுத்துச் சொன்னான், “சரி லா. அண்ணன் கேஸ் இதோட முடிஞ்சுது, நான் மாப்பு கேட்டுக்கிறேன். ஆனா ஃப்ளோமினா, உன் கேஸும் என் கேஸும் முடியல.”

“அது எதுக்கு முடியணும்?” என்றாள் இவள்.

அன்று எடுத்த வீடியோவை முதலில் வெளியிட்டது அவன்தான். ஒரு வரிகூட வெட்டவில்லை. பெயர் கத்திரி, ஆனால் அந்த வீடியோவில் கத்திரி வைக்கவில்லை. அதற்காகவே அவனை எனக்குப் பிடித்துப்போனது. இதைத் தங்கையிடம் சொல்லவில்லை.

இரண்டு நாளில் கலைவிழா ஏற்பாட்டாளர் கூப்பிட்டார். அவளைக் கூப்பிட்டார். எனக்கு அழைப்பே வரவில்லை. முகப்புப் பாட்டை அவள் எழுதி முடித்துவிட்டாள். இன்னும் நான் கேட்கவில்லை. விழாவன்று எல்லாரோடும் சேர்ந்து கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள்.

ஆரோக்கியம் அண்ணனிடம் நானே போனேன். அதே கேன்டீன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் காப்பியை ஆற்றுவதை நிறுத்தினார். “அப்ப அந்தப் பிள்ளையே எழுதுறதா? எல்லாம்?” என்றார். எல்லாம் என்றேன். “அலமாக்,” என்று ஆச்சரியப்பட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, “நான் அன்னைக்குச் சொன்னத அதுகிட்டச் சொல்லாதீங்க” என்றார். நான் ஏற்கனவே சொல்லியாகிவிட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை.

இந்தப் பத்தியை எழுதலாமா என்று பிலோமினாவிடம் கேட்டேன். “இப்ப எழுதலாம்,” என்றாள். “இப்ப எனக்காக எழுதல. உங்களுக்காகத்தான எழுதுறீங்க?” அவளுக்குத் தெரியாமல் ஒரு கிலோ மண்ணைக்கூட ஏற்றிவிட முடியாது.

நேற்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி கூப்பிட்டாள். பின்னால் லோரிச் சத்தம். அதையும் தாண்டிச் சிரிப்பு.

“அண்ணே, கத்திரி புதுப் பாட்டு போட்டிருக்கான், கேட்டீங்களா?”

“என்னம்மா சொல்றான்?”

“என் குரல் லோரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி இருக்காம். மூச்சு விடாமப் பாடத் தெரியலையாம். எழுதுறதெல்லாம் எடைச் சீட்டு மாதிரி நீளமா இருக்காம். நல்லாதான் வாரியிருக்கான்ண்ணே.”

இவ்வளவு சந்தோஷமாகத் தன்னைப் பற்றிய வசையை ஒப்பித்த ஒருத்தியை நான் பார்த்ததில்லை. வைத்தவுடன் நானும் போட்டுக் கேட்டேன். மூன்றரை நிமிஷம், முதலிலிருந்து கடைசிவரை. அவள் குரலைத் திட்டுகிறான், அவள் மூச்சைத் திட்டுகிறான், ‘நீ எழுதுன’, ‘நீ எழுதுன’ என்று வரிக்கு வரி அவள் எழுத்தைத் திட்டுகிறான்.

முழுத் திட்டும் அவளுக்கே. அதில் எனக்கு ஒரு வரிகூடப் பங்கில்லை.